கோரைப்பல்லுக்குக் கொடுத்தது

ஊஞ்சவலசில் நிரந்தரப் பல் பட்டினியாக முளைப்பதில்லை. எலும்புக்குள் பல வருடம் காத்திருந்துவிட்டு, முதலில் அது பால்பல்லின் வேரைத் தின்கிறது. பிடித்துக்கொள்ள வேரில்லாமல் பால்பல் ஆடி விழுகிறது. இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஊஞ்சவலசில் அந்த வேர் அதற்குப் போதாது. வெளியே வருவதற்குள், பிள்ளையிடம் வேர்விட்டிருக்கும் வேறு எதையாவது ஒன்றையும் அது தின்றாக வேண்டும். எதைத் தின்பது என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். பல் ஆடத் தொடங்கியதும் கையைக் கழுவிக்கொண்டு, ஈறின்மேல் விரலை வைத்து, இன்னதைத் தின்னு என்றால் கேட்டுக்கொள்ளும்.

சொல்லாமல் விட்டால் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைத் தின்னும். கோகிலவாணியின் நாத்தனார் வசந்தாமணிக்குப் பச்சை நிறம் அப்படித்தான் போயிற்று. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டில் யாருக்கும் சொல்ல நேரமில்லாமல் போக, மேல் முன்பல் ஒன்று பச்சையைத் தின்றுவிட்டு வெளியே வந்தது. கடையில் கொத்தமல்லியை மோந்து பார்த்து வாங்குவாள். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

கோகிலவாணி அப்படி விடுகிறவள் இல்லை. தறிப்பட்டறையில் நூல் சுற்றுகிற வேலை அவளுக்கு. ஓர் இழை அறுந்தாலும் கை தானாக நின்றுவிடும். மகள் மிதுனாவுக்கு முதல் பல் ஆடியபோதே எதையெதைக் கொடுப்பது என்று யோசித்து வைத்திருந்தாள். கீழ் முன்பற்களுக்கு நாய் பயத்தையும் விரல் சூப்பும் பழக்கத்தையும் கொடுத்தாள். மேல் முன்பல் ஒன்றுக்கு, எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்த ஒரு கெட்ட வார்த்தையைக் கொடுத்தாள். ஆறு வயதில் வரிசையின் கடைசியில் வந்த கடைவாய்ப் பற்கள் எந்தப் பால்பல்லையும் தள்ளிவிட்டு வரவில்லை. காலி இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. அவை எதையும் கேட்கவுமில்லை.

பல் தின்னும் சத்தம் சாதாரணமாகக் கேட்காது. ஊரில் எப்போதும் தறி ஓடிக்கொண்டிருக்கும். மத்தியானத்தில் கரண்ட் போனால் எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நிற்கும். அப்போது கேட்கும். எலி பழைய மரத்தைச் சுரண்டுவதுபோல, வீட்டுக்கு வீடு, மூடிய வாய்களுக்குள்ளிருந்து. பிள்ளைகள் அதைக் கவனிப்பதில்லை, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள் கரண்ட் வரும்வரை கொஞ்சம் உரக்கப் பேசிக்கொள்வார்கள்.

மிதுனாவின் அப்பா லோகநாதன் அஸ்ஸாமுக்கு லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர். மாதத்தில் சில நாள்தான் வீட்டில் இருப்பான். அதிலும் பாதி தூங்குவான். மிதுனா மூன்றாம் வகுப்பு படிக்கும்போது கௌஹாத்தியிலிருந்து போன் பண்ணி, இங்கேயே ஒரு குடும்பம் ஆகிவிட்டது, இனிமேல் வரத் தோதுப்படாது என்றான். கோபமாகச் சொல்லவில்லை. லோடு இறக்கியாயிற்று என்று சொல்கிற குரலில் சொன்னான். கோகிலவாணி சரி என்று போனை வைத்துவிட்டாள்.

மிதுனாவுக்கு அது சரியாகவில்லை. தெருக்கோடியில் பைபாஸ் ரோடு. அவள் அப்பாவின் லாரியில் இழுத்து இழுத்துப் பாடுகிற ஏர்ஹாரன் ஒன்று இருந்தது. ஊருக்குள் திரும்பும்போது அடிப்பான். அதே ஹாரனை இப்போது பாதி லாரிகளில் மாட்டியிருந்தார்கள். அது கேட்டதும் மிதுனா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடுவாள். குளிக்கும்போது பாதிச் சோப்போடு ஓடினாள். வகுப்பறையிலிருந்து ஓடினாள். பதினோரு வயதாகியும் ஓடினாள். சித்திரையில் ஒரு நாள் ரோட்டின் நடுவிலேயே போய் நின்றுவிட்டாள். சிமெண்ட் ஏற்றி வந்த லாரி பிரேக் போட்டு, இழுத்துக்கொண்டே வந்து, பம்பர் அவள் பாவாடையைத் தொட்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதான். மிதுனா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க எங்கப்பா இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்த வாரம்தான் அவளுடைய மேல் இடது கோரைப்பல் ஆடத் தொடங்கியது.

பல் டாக்டர் பிரபாவதியின் கிளினிக் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. எந்நேரமும் பன் வாசம் அடிக்கும். டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். படத்தில் மிதுனாவின் முகம் இல்லை. பல் மட்டும் இருந்தது. வெளியே தெரிகிற வரிசை ஒன்று. எலும்புக்குள் காத்திருப்பவை தனியே. எல்லாவற்றிலும் பெரிதாக ஒன்று, கூர் கீழே பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுதான் கோரைப்பல். இத்தனை வருஷமும் கண்ணுக்கு அடியில இருந்துச்சு. இப்பத்தான் இறங்கி வருது" என்றார் டாக்டர்.

"பெரிய ஆளோட பல்லு மாதிரி இருக்குதுங்க."

"பல்லு வெளிய வந்து வளர்றதில்லீங்க. உள்ளயே முழு அளவுக்கு ஆகித்தான் வரும். முகம்தான் பின்னாடி வளர்ந்து அதுக்குச் சரியாகும்." டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "என்ன குடுக்கறதா இருக்கீங்க?"

"இவளோட அப்பாவைங்க."

டாக்டர் தலையாட்டினார். "குடுக்கலாம். ஆனா எல்லாப் பல்லையும்விட இதுக்குத்தான் வேர் நீளம். தின்னுறதும் அப்படித்தான். எதுவரைக்கும் தின்னோணும்னு சேர்த்துச் சொல்லிருங்க."

விஷயம் பக்கத்து வீட்டு வசந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் வந்து வாசலிலேயே நின்றாள்.

"எங்கண்ணன் என்ன செத்தா போயிட்டான், பல்லுக்குத் தூக்கிப் போடறதுக்கு?"

"செத்திருந்தா போட்டோவுக்கு மாலை போட்டு அவளையே வெச்சுக்கச் சொல்லியிருப்பேன்" என்றாள் கோகிலவாணி.

"ஒண்ணும் சொல்லாம விட்டுருங்க அண்ணி. அதுவா எதையாச்சும் தின்னுக்கும். எனக்குப் பச்சை போச்சு. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

"நீங்க ரோட்டுல ஓடலையே."

"அவன் உங்களை வேண்டாம்னு போனான். அந்த ஆத்திரத்தை இவகிட்டத் தீர்த்துக்கறீங்க" என்று சொல்லிவிட்டு வசந்தாமணி போய்விட்டாள்.

அன்று பட்டறையில் கோகிலவாணியின் நூல் அறுந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு மிதுனாவை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். மிதுனாவுக்கு எதற்கு என்று தெரியும்.

"அப்பாவையாம்மா?"

"ஆமா கண்ணு."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

மிதுனா யோசித்தாள். "ஹாரனை மட்டும் விட்டுறச் சொல்றியா?"

"ஹாரன்தான் கண்ணு மொதல்ல போகோணும்."

"சரி" என்று மிதுனா வாயைத் திறந்தாள்.

ஈறு சூடாக இருந்தது. கோகிலவாணி விரலை வைத்து, "இவளோட அப்பாவைத் தின்னு" என்றாள். எதுவரைக்கும் என்று சொல்ல வேண்டும். டாக்டர் சொன்னது நினைவிருந்தது. வசந்தாமணி சொன்னதும் இன்னும் காதில் இருந்தது. மிதுனா திறந்த வாயோடு அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேரோட தின்னு" என்றாள் கோகிலவாணி.

விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று மெல்லத் திரும்பிப் படுத்தது.

ஹாரன்தான் முதலில் போயிற்று. லாரிகள் பாடிக்கொண்டு போயின. மிதுனா இந்திய வரைபடத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. அடுத்தது கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்பு. "இது யாரோடதும்மா? தூக்கிப் போட்டுறலாமா?" என்று கேட்டாள். பிறகு சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவை அண்ணாந்து பார்த்து, "உன் பக்கத்துல யாரு நிக்கறது?" என்றாள். கோகிலவாணி தெரிந்தவர் என்றாள். அப்படியா என்று மிதுனா விளையாடப் போய்விட்டாள். பல வருடங்களுக்குப் பிறகு கோகிலவாணி வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வேலைக்குப் போனாள்.

பால்பல் விழுந்தது. விழுந்த பல்லில் வேர் இல்லை; சோளப்பொரி மாதிரி இருந்தது. புதுப்பல் அந்த இடத்தில் உடனே எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. கரண்ட் போன ஒரு மத்தியானம் கோகிலவாணி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தாள். உள்ளே இன்னும் தின்றுகொண்டிருந்தது. அவசரமில்லாமல், ஆற அமரத் தின்றுகொண்டிருந்தது.

அதற்கப்புறம் மிதுனா தலை பின்னிக்கொள்ள வரவில்லை. கண்ணாடி முன் நின்று தானே கோணலாகப் பின்னிக்கொண்டாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சமையலறை வாசலில் நின்றவள் உள்ளே வராமல் கதவைத் தட்டினாள்.

"தண்ணி குடிச்சுக்கட்டுங்களா?"

கோகிலவாணி டம்ளரை எடுத்துக் கொடுத்தாள். மிதுனா குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நீங்க நல்லா இருக்கீங்ளா?" என்று விசாரித்தாள். பேசக் கற்றுக்கொண்ட நாள் முதல் அவள் அம்மாவை நீ என்றுதான் சொல்லியிருந்தாள்.

மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். மிதுனா மாடிக்கு வராமல் கீழே பேக்கரி வாசலில் பன் தின்றுகொண்டு நின்றாள்.

"அப்பா தீர்ந்தாச்சுங்க. இன்னும் தின்னுது" என்றாள் கோகிலவாணி.

"எப்படிச் சொன்னீங்க?"

"வேரோடன்னு சொல்லிட்டேனுங்க."

"அவரோட வேர் எங்க இருந்துச்சு?"

கோகிலவாணி யோசித்துப் பார்த்தாள். லோகநாதன் மாதத்தில் சில நாள் வந்து தூங்கிவிட்டுப் போனவன். மகளோடு உட்கார்ந்து அவன் பேசியதாக அவளுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. பேசியதெல்லாம் அவள்தான். இந்த வாயை வாங்கிக்கோ, அப்பா விஜயவாடா தாண்டிட்டாரு. இன்னொரு வாய், ஒடிசா வந்துருச்சு. குளிக்க அடம்பிடித்தால் உதட்டைக் குவித்து ஹாரன் அடித்துக் காட்டுவாள். அப்பா போனில் உனக்கு முத்தம் கொடுத்தார் என்று சொல்லித் தானே கொடுப்பாள். பிறந்தநாள் பாவாடையைத் தானே வாங்கி அப்பா வாங்கியது என்பாள். மிதுனாவுக்கு இருந்த அப்பா முழுவதும் அவள் வாயிலிருந்து வந்தவர்.

"எங்கிட்டத்தானுங்க இருந்துச்சு" என்றாள்.

"அப்ப அது உங்ககிட்டத்தான் வரும்" என்றார் டாக்டர். "வேணும்னா கீறி எடுத்துறலாம். எடுத்தா வேர் திரும்பத் துளிர்க்கும். மொதல்ல போனது மொதல்ல வரும்."

"மொதல்ல போனது ஹாரனுங்க."

"அதுதான் மொதல்ல வரும். நீங்க கடைசியாத்தான் வருவீங்க."

கோகிலவாணி ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தாள். ரோட்டோரமாக மிதுனா நின்றாள். பன்னைப் பிய்த்து ஒரு நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு லாரி இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டு அவளுக்கு வெகு பக்கத்தில் போனது. அவள் பாவாடை பறந்தது. அதைக் கையால் அழுத்திக்கொண்டாள். லாரியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது அப்படியே வரட்டுமுங்க" என்றாள் கோகிலவாணி.

"பாதியில எடுத்தா பக்கத்துப் பல்லெல்லாம் கோணலாகவும் வாய்ப்பிருக்கு" என்று டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

மிச்சமிருந்த நாள்களில் கோகிலவாணி மகளுக்குக் கேஸ் அடுப்பை அணைக்கக் கற்றுக்கொடுத்தாள். எந்த டப்பாவில் சர்க்கரை, எந்த டப்பாவில் உப்பு என்று காட்டினாள். காய்ச்சல் வந்தால் அத்தையைக் கூப்பிடச் சொன்னாள். மிதுனா எல்லாவற்றுக்கும் சரிங்க என்றாள். சில சமயம் மட்டும், விழித்தும் விழிக்காத நேரத்தில், பழையபடி இருப்பாள். ஒரு காலையில் குளியலறையிலிருந்து, "அம்மா, துண்டு" என்று கூப்பிட்டாள். கோகிலவாணி துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவருகில் நின்றாள். இன்னொரு தடவை கூப்பிடுவாள் என்று நின்றாள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

"யாராச்சும் இருக்கீங்ளா? ஒரு துண்டு வேணுமுங்க" என்றது உள்ளேயிருந்து.

கதவிடுக்கு வழியாகத் துண்டைக் கொடுத்தாள்.

அன்றைக்கே பல் வெளியே வந்தது. பக்கத்துப் பற்களைவிடக் கொஞ்சம் மஞ்சளாக, கூராக, முழு அளவில். சின்ன முகத்தில் அந்த ஒரு பல் மட்டும் வயதில் மூத்ததாக இருந்தது. மிதுனா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். அடுப்பருகில் நின்றிருந்த கோகிலவாணியைப் பார்த்து வணக்கம் சொன்னாள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் அத்தையை அழைத்து வந்தாள்.

வசந்தாமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இவங்க கோகிலவாணி. நல்லவங்க. உன்கூடத்தான் இருப்பாங்க" என்றாள்.

"சோறாக்குவாங்களா?"

"நல்லாவே ஆக்குவாங்க."

"சரிங்கத்தை" என்றாள் மிதுனா. பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை இரண்டு பெண்களும் வாசலில் நின்றார்கள். வசந்தாமணி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வசந்தாமணி கீரை ஆய்ந்து கொடுப்பதற்காக உள்ளே போனாள்.

பிறகு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மிதுனா மரியாதையான பிள்ளை. சம்பளம் வாங்குகிறவர்களிடம் பேசுவதுபோல அல்லாமல், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தூரத்துச் சொந்தத்திடம் பேசுவதுபோலப் பேசினாள். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் முதலில் அத்தையிடம் காட்டிவிட்டு, பிறகு கோகிலவாணியிடமும் காட்டினாள். கோகிலவாணி, "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க கண்ணு" என்பாள். நீங்க என்று சொல்ல அவளுக்கும் பழகிவிட்டது. ரோட்டில் லாரிகள் அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கோகிலவாணி ரசத்தை இறக்கி வைத்துவிட்டு, மிதுனாவை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டு நின்றாள். வெறுமனே பேர் சொல்லிக் கூப்பிட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அப்போது முன்னறையில் ஒரு குரல் கேட்டது.

"மிதுனா, சோறு ஆறுது பாரு. எந்திரிச்சு வா கண்ணு."

அது கோகிலவாணியின் குரல். அவள் வாயைத் திறந்திருக்கவில்லை.

மிதுனா புத்தகத்தை மூடிவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் வாய் மூடியே இருந்தது. குரல் அவளுடைய மேல் இடது பக்கத்திலிருந்து வந்தது.

"ரசம் இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கோ. மழைக்கு நல்லது."

கோகிலவாணி ரசம் ஊற்றினாள்.

"அப்பளத்தை நொறுக்கிப் போடாத."

"சரி, போடலை. நீ சும்மா இரு" என்றாள் மிதுனா, தட்டைப் பார்த்துக்கொண்டே.

சாப்பாடு பாதி ஆனது. மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. கோகிலவாணி கரண்டியோடு சுவரோரம் நின்றிருந்தாள். அந்தக் குரல் மறுபடியும், இந்தத் தடவை கொஞ்சம் தணிந்து, வந்தது.

"அந்தப் பொம்பளை காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை கண்ணு. அவங்களுக்கும் ஒரு தட்டு வை."

"சரிம்மா" என்று மிதுனா எழுந்து போனாள். இன்னொரு தட்டைக் கழுவிக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள்.

கோகிலவாணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.